மேலே என்ன படிக்கலாம்? – 9: வீட்டுக் கணக்கும் ஒரு பாடம்தான்

கிள்ளானில் பூக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். எஸ்.டி.பி.எம். முடித்த மகளுக்குச் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. குரலில் மகிழ்ச்சியைவிடக் கலவரம்தான் கூடுதல்.

"எக்கோலோஜி மனுசியாவாம் அண்ணே. காட்டுல போய் மரம் எண்ணுற வேலையா? அவ அப்பா ரெண்டு நாளா முகம் கொடுத்துப் பேசல."

மரம் எண்ணுவதில்லை, வீட்டை எண்ணுவது என்றேன். அவருக்கு அது இன்னும் குழப்பமாகப் போய்விட்டது. அதனால்தான் இந்த வாரம் இந்தப் படிப்பு, தமிழில் மனித சூழலியல்.

சூழலியலுக்கு 1866-ல் பெயர் வைத்தவர் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். அவர் எடுத்துக்கொண்ட கிரேக்க வேர்ச்சொல்லுக்குப் பொருளே வீடு. அதை நிஜமாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தவர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்க வேதியியலர். பாஸ்டனின் எம்.ஐ.டி.யில் இடம் பெற்ற முதல் பெண். 1873-ல் பட்டம் வாங்கினார். குடிதண்ணீரையும் கடைச் சரக்கையும் சோதித்துப் பார்த்தவர். ஒரு குடும்பம் குடிக்கும் நீர், மூச்சுவிடும் காற்று, தின்னும் சோறு எல்லாமே அறிவியல்தான் என்று அடித்துச் சொன்னார். அந்த வழியில் வளர்ந்ததுதான் தமிழ்நாட்டில் மனையியல் என்று வழங்கும் படிப்பு. சமையலும் தையலும் சொல்லித்தருவது என்று அதை ஓரங்கட்டியவர்கள் நம்மில் அதிகம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1969-ல் தன் மனையியல் கல்லூரிக்கு 'மனித சூழலியல்' என்று பெயர் மாற்றியது.

செர்டாங்கின் கதை வேறு மண்ணில் தொடங்குகிறது. 1931-ல் அங்கே வந்தது விவசாயப் பள்ளி. 1971-ல் அது விவசாயப் பல்கலைக்கழகமானது, 1997-ல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. மனித சூழலியல் புலம் 1992-ல் பிறந்தது. மனித மேம்பாடும் குடும்பமும், வள மேலாண்மையும் பயனீட்டாளர் கல்வியும், சமூக மேம்பாடு என்று துறைகள் போகின்றன. இசைத் துறையும் இதே புலத்தில்தான் இருக்கிறது. அதற்கு என்ன காரணம் என்று கேட்காதீர்கள். பல்கலைக்கழகங்களின் குடும்ப உறவுகள் நம் உறவுகளைவிடச் சிக்கலானவை.

இந்தப் படிப்பில் தவிர்க்க முடியாத பெயர் யூரி பிரான்ஃபென்பிரென்னர். கார்னெல் பேராசிரியர். 1979-ல் வந்த அவருடைய புத்தகம் குழந்தையை நடுவில் வைத்து வட்டம் வட்டமாகப் பார்க்கிறது. வீடும் பள்ளியும் முதல் வட்டம். அவை ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்பு அடுத்தது. அதற்கு வெளியே குழந்தை காலே வைக்காத இடங்கள்: அப்பாவின் வேலையிடம், நகராட்சி அலுவலகம். எல்லாவற்றையும் சுற்றிச் சட்டம், வழக்கம்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்க உதாரணம் வேண்டாம். செர்டாங்கிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் டிங்கில். புத்ராஜெயாவுக்காகப் பிராங் புசார், காலவே, செஜ்லி, மெடிங்லி தோட்டங்கள் 1990-களில் கைமாறின. அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தன. அந்தக் கட்டடங்கள் விரிசல் விட்ட கதையும், தரை வீடு கேட்டு அவர்கள் நடத்திய நெடும் போராட்டமும் நம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்தவை.

விரிசல் கண்ணுக்குத் தெரிகிறது, படம் பிடிக்கலாம். தெரியாதது ஒன்று இருக்கிறது. தோட்டத்து லயத்தில் அம்மா விடியுமுன் பால் வெட்டப் போகும்போது பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். பள்ளி, கோயில், கடை எல்லாம் கூப்பிடு தூரம். பக்கத்து லயத்துக் கிழவி யார் வீட்டுப் பிள்ளையையும் அதட்டுவாள். அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் அந்தக் கிழவி காணாமல் போகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், வேலைக்குப் போக மோட்டார் வேண்டும், மோட்டாருக்குத் தவணை. நிலத்தைக் கைமாற்றிய கையெழுத்து விழுந்த அறைக்குள் எந்தப் பிள்ளையும் போனதில்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்து அதன் சாப்பாட்டுத் தட்டுவரை வந்துவிட்டது. இந்தப் பாதையைத் தடம் பிடிப்பதுதான் மனித சூழலியல்.

பிரிக்பீல்ட்ஸில் இந்தப் படிப்பைப் படிக்கும் ஒரு மாணவியின் பயிற்சித் தாளைப் பார்த்தேன். ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் செலவு. கார்த் தவணை, மோட்டார்த் தவணை, கல்விக் கடன், அஸ்ட்ரோ, கோயில் உபயம் என்று வரிசையாக எழுதியிருந்தாள். ஓரத்தில் பென்சிலால், 'கூட்டு – 200', அதாவது சீட்டுப் பணம். அதை மட்டும் ஏன் பென்சிலில் எழுதினாய் என்று கேட்டேன். "அந்த ஆன்ட்டி எழுத வேணாம்னாங்க சார்" என்றாள். அவர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. கூட்டு நிதித் தடைச் சட்டம் 1971-லிருந்து நடப்பில் உள்ளது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றம். வங்கி கைவிட்ட நேரத்தில் மகளின் சடங்குக்குக் கைகொடுத்ததும் அதே கூட்டுதான். அந்தப் பென்சில் கோட்டைப் பார்க்கத் தெரிந்தவளிடம்தான் அந்தக் குடும்பம் மனம்விட்டுப் பேசும்.

சரி, வேலை? 'மனித சூழலியலர் தேவை' என்று எந்த விளம்பரமும் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு பலகைகளின் கீழ்தான் தேட வேண்டும். பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கிய ஏ.கே.பி.கே., கடனில் மாட்டியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறது. சமூக நல இலாகா, மக்கள்தொகை குடும்ப மேம்பாட்டு வாரியம், பாலர் காப்பகங்கள், முதியோர் சேவைகள் இருக்கின்றன. முதுமை பற்றிய ஆய்வுக்கு இதே புத்ரா பல்கலைக்கழகத்தில் 2002 முதல் தனிக் கழகம் உண்டு.

பயனீட்டாளர் பக்கம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. பினாங்கு பயனீட்டாளர் சங்கம், ஃபோம்கா எல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள். 1999-ன் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ஒரு நடுவர் மன்றத்தையும் தந்தது. 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கேட்கலாம். வழக்கறிஞர் வைக்கக் கூடாது. அந்தப் பாரத்தை நிரப்பத் தெரியாமல் வாசலிலேயே திரும்பிப் போகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே. பெரிய கடைகளும் காப்புறுதி நிறுவனங்களும் புகார் பிரிவுக்கு இந்தப் பட்டதாரிகளை எடுப்பதுண்டு.

ஒரு எச்சரிக்கை. குடும்பம் பற்றிப் படித்ததாலேயே யாரும் கவுன்சலர் ஆகிவிட முடியாது. 1998-ன் சட்டப்படி அதற்கென்று தகுதி பெற்றுக் கவுன்சலர் வாரியத்தில் பதிய வேண்டும். அந்த ஆசை இருந்தால் விண்ணப்பிக்கும்போதே கவுன்சலிங் படிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பூக்கடை அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போக்குவரத்தைக் கேட்டார். கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் வண்டி மாறினால் செர்டாங். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு வண்டி. தினமும் போய்வர முடியாது, விடுதிதான் சரி என்றேன்.

"சரி அண்ணே. அவ அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்." போனை வைக்கப் போனவர் திரும்பக் கேட்டார்: "அந்தப் பென்சில் கணக்கு... எங்க வீட்டுக் கணக்கையும் எழுதச் சொல்வாங்களா?"

"சொல்வாங்கம்மா."

"கூட்டு போடுறதையுமா?"

(அடுத்த வாரம்: நில அளவை)