காமிராப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன்...

மும்பை லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போகிறவர்களுக்குப் பெட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு நோட்டீசுகளைப் படிப்பது ஒரு பொழுதுபோக்கு. "கண்காணிப்புக் காமிராப் பயிற்சி, ஏழே நாளில் சர்டிபிகேட், வேலை நிச்சயம்" என்ற ரகமும் அவற்றில் உண்டு. கீழே தொலைபேசி எண் இருக்கும். முகவரி இராது.

தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்த தமிழ் இளைஞர் ஒருவர் அத்தகைய எண்ணுக்குப் பேசி, இரண்டு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கட்டினார். ஏழு நாளும் பெஞ்சில் உட்கார்ந்து படம் பார்த்ததுதான் மிச்சம். பொன்னெழுத்தில் பெயர் பொறித்த சர்டிபிகேட் கிடைத்தது. அதோடு காமிரா பொருத்தும் கடை ஒன்றுக்குப் போனார். கடைக்காரர் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கேபிள் துண்டையும் கனெக்டரையும் கையில் கொடுத்து, மாட்டிக் காட்டச் சொன்னார். இளைஞரால் முடியவில்லை.

வேலை பொய்யல்ல

இந்தத் தொழிலுக்குத் தேவை இருப்பது உண்மை. கடை, கிடங்கு, குடியிருப்பு சொசைட்டி என்று காமிரா இல்லாத இடம் குறைவு. எல்லாக் காவல் நிலையங்களிலும் காமிரா இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பொருத்துவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆட்கள் வேண்டும். வேலை உண்மையாக இருப்பதால்தான் போலிப் பயிற்சியும் விலை போகிறது.

எந்த வேலைக்குப் பயிற்சி?

"கண்காணிப்புப் பயிற்சி" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு தொழில்கள் விற்கப்படுகின்றன. எது வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

முதலாவது, செக்யூரிட்டி காவலர் வேலை. 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி ஏஜென்சிக்கு மாநில அரசின் லைசென்ஸ் கட்டாயம். காவலருக்குப் பயிற்சி கிடைக்கச் செய்வதும் அந்த ஏஜென்சியின் பொறுப்பே. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி என்று, குறைந்தது 20 வேலை நாட்களை விதித்தன. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் மட்டும் 40 மணி, 16 மணி, 7 நாள். எனவே புதியவர் ஒருவருக்கு மூன்றே நாளில் காவலர் சர்டிபிகேட் என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

இரண்டாவது, துப்பறிவாளர் வேலை. இதற்கென்று 2007-ல் மாநிலங்களவையில் வந்த மசோதா சட்டமாகவில்லை. ஆகவே, "அரசு துப்பறிவாளர் லைசென்ஸ் வாங்கித் தருகிறோம்" என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

மூன்றாவது, காமிரா பொருத்தும் தொழில்நுட்ப வேலை. பெரும்பாலான இளைஞர்கள் தேடி வருவது இதைத்தான்.

முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம்

பல நிலையங்கள் "அரசு அங்கீகாரம்" என்று சொல்லி உத்யம் பதிவுச் சான்றை மாட்டி வைத்திருக்கின்றன. அது சிறுதொழில் நடத்துவதற்கான பதிவு மட்டுமே. பாடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக முறைக்கான சான்று. அதுவும் பாடத்துக்கு அங்கீகாரம் ஆகாது. தேசியத் தொழில் தகுதிகளில் காமிரா பொருத்துநர் என்ற தகுதி தனியாகவே இருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்துவதாகச் சொல்லும் நிலையத்திடம் தகுதி எண்ணையும் மையத்தின் எண்ணையும் கேட்டு வாங்கி, ஸ்கில் இந்தியா இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பட்டறையைப் பார்க்க வேண்டும்

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் அதுவே பதில். உள்ளே ஏணி, டிரில், கேபிள், காமிரா, பதிவுப் பெட்டி எல்லாம் இருக்கின்றனவா? ஒரு செட்டுக்கு எத்தனை மாணவர்? நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போனால் என்ன செய்வது, முப்பது நாள் பதிவுக்கு எவ்வளவு பெரிய ஹார்டு டிஸ்க் வேண்டும், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் ஆசிரியர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்.

சட்டமும் பாடத்தில் இருக்க வேண்டும். காமிராப் பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாகத் தாக்கல் செய்யச் சான்றிதழ் தேவை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. குளியலறையிலும் உடை மாற்றும் அறையிலும் பெண்களை மறைந்திருந்து படம் எடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முதலாளி சொன்னாலும் காமிரா மாட்டக் கூடாத இடம் எது என்று சொல்லித் தருபவரே நல்ல ஆசிரியர்.

கட்டணம் கட்டும் முறை

முழுத் தொகையையும் முதல் நாளே கட்டக் கூடாது. முகவரியுள்ள ரசீது வாங்க வேண்டும். இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதும், "வேலை நிச்சயம்" என்ற வாக்குறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் அசலை யாரிடமும் ஒப்படைக்கலாகாது. முன்பு படித்த இருவரின் எண்ணை வாங்கி, இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது மிகவும் நல்லது. ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

தாராவி இளைஞர் கட்டிய பணம் திரும்பவில்லை. ஆனால் அவரைச் சோதித்த அதே கடைக்காரரிடமே அவர் உதவியாளாகச் சேர்ந்தார். ஏணி பிடிக்கும் வேலையில் தொடங்கி, கேபிள் இழுக்கவும் கனெக்டர் மாட்டவும் கற்றுக்கொண்டார். பொன்னெழுத்துச் சர்டிபிகேட் இன்னும் பெட்டியின் அடியில்தான் கிடக்கிறது. அதைக் காட்டும்படி இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.