பாட்டும் பக்க நரம்பும்

பாட்டுக்குத் துணை நிற்கும் கருவி எத்தன்மையதாய் இருத்தல் வேண்டும்? திருவண்ணாமலையை நினைக்குந்தோறும் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகின்றது.

அண்ணாமலையின்மீது இரு பதிகங்கள் பாடியவர் திருஞானசம்பந்தர். தலங்கள்தோறும் அவருடன் சென்று யாழிசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் பாணரின் சுற்றத்தார், பதிகத்தின் பெருமை யாழால் வந்தது என்றனர். பாணர் உளம் நொந்து, யாழில் அடங்காத இசையில் ஒரு பதிகம் பாடியருள வேண்டினார். சம்பந்தர் பாடினார், நரம்பு தோற்றது. யாழை உடைக்க முற்பட்ட பாணரைத் தடுத்து, இயன்ற அளவில் இசைக்குமாறு அவர் ஆற்றுவித்தார் என்பது பெரியபுராணச் செய்தி. துணைக்கருவி தன் எல்லையை அறிதல் வேண்டும் என்னும் இலக்கணம் இதனுள் அடங்கியுள்ளது.

மேலைநாட்டில், கவிஞரின் கவிதைக்கு இசைவாணர் பண்ணமைக்க, ஒருவர் பாட, ஒரு கருவி துணை நிற்பதனைக் கலைப்பாடல் என்பர். பியானோவே அதன் பெருவழக்கு. எனினும் சூபர்ட்டின் பாடல்கள் சில, அவர் வாழ்நாளிலேயே வியன்னாவில் கித்தார்த் துணையுடனும் அச்சேறின. சீனக் கவிதைகளின் மொழிபெயர்ப்புக்குப் பிரிட்டன் என்னும் இசைவாணர் 1957இல் கித்தாரையே துணையாக்கினார்.

காரணம் யாது? விரலால் மீட்டிய நரம்பொலி எழுந்தவுடன் தேயத் தொடங்குகின்றது. வயலின்போல் நீண்டு நின்று குரலை மூடுவதில்லை. அவ்வொலி தேயும் இடைவெளியில் சொல் தெளிவாய்க் கேட்கின்றது. கருவியின் மென்மையே கவிதைக்குக் காவல்.

இக்கருவி நமக்கு முற்றிலும் அயலானதன்று. கிரேக்கச் சொல்லான 'கிதாரா' அரபுமொழி வழியே இசுபானியம் சேர்ந்து கித்தார் ஆயிற்று என்பர். அரபியரின் 'ஊத்' என்னும் நரம்புக்கருவி அந்தலூசியா வழியே ஐரோப்பாவிற் பரவி 'லூட்' எனப் பெயர் பெற்றது.

திருவண்ணாமலை அருணகிரிநாதரின் சந்தத்தைத் தழுவி, காயல்பட்டினம் காசிம் புலவர் நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடினார். நம்பிக்கை வேறாயினும் சந்தம் இருவரையும் இணைத்தது. வல்லினமும் மெல்லினமும், குறிலும் நெடிலும் செவியில் தனித்தனியே விழுந்தாலன்றிச் சந்தம் இல்லை. பேரொலிக் கருவிகள் சூழும் இற்றை மேடைகளில் முதலில் மறைவது அச்சொல்லே.

யாழ் வழக்கொழிந்தது, விபுலாநந்த அடிகளாரின் 'யாழ் நூல்' (1947) அதன் இலக்கணத்தை மீட்டுத் தந்தது. வீணையும் கித்தாரும் நம் கைக்கு எட்டுவன. மாணவமணிகள் இவ்விரு திருப்புகழையும் ஒற்றை நரம்புக்கருவியின் துணையோடு, சொல் சிதையாமல் பாடிப் பார்த்தல் வேண்டும். தமிழ் கேட்கும்படி இசைப்பதே தமிழிசை என்பது நம் துணிபு.