குளிர்பானப் பெட்டி இரைகிறதா?

பால், தயிர், சோடா, கலர் எல்லாம் இருக்கும் கண்ணாடிக் கதவுக் குளிர்பானப் பெட்டி, வெயில் காலத்தில் நம் கடைகளில் இரவு பகலாக உழைக்கிறது. அது திடீரென்று கடகடவென்று இரையத் தொடங்கினால் நம் வணிகர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "ஓடுகிறவரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது வருகிற மெக்கானிக் "கம்ப்ரஸர் போச்சு அண்ணாச்சி" என்றதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம். பல நேரங்களில் சத்தத்துக்கும் கம்ப்ரஸருக்கும் சம்பந்தமே இருப்பதில்லை.

இத்தகைய பெட்டியில் பொதுவாக ஓடுகிறவை மூன்றுதான்: கம்ப்ரஸர், அதன் பக்கத்தில் கண்டன்சருக்குக் காற்று வீசும் ஃபேன், உள்ளே குளிரைப் பரப்பும் ஃபேன். பல பெட்டிகளில் கதவைத் திறந்தால் உள் ஃபேன் நின்றுவிடும். அந்த நொடியே சத்தமும் நின்றால் கோளாறு உள்ளேதான். நிற்காவிட்டால் பெட்டியின் மேல் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறினால் பெட்டி ஆடுகிறது என்று பொருள். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்காக நம் கடைத் தரைகள் தெருப்பக்கம் சாய்ந்திருக்கும். கால் திருகுகளைத் திருகி மட்டம் செய்தாலே போதும். பெட்டியின் தலையில் அடுக்கிய பிஸ்கட் டின்னும், ஒன்றோடொன்று உரசும் பாட்டில்களும்கூடச் சத்தம் போடும்.

நம் கடைகளுக்கென்றே உள்ள வியாதி தூசி. மாவு, மிளகாய்த்தூள், சாக்கு நார் எல்லாவற்றையும் கண்டன்சர் ஃபேன் இழுத்துக்கொள்கிறது. இறக்கையில் ஒரு பக்கம் அழுக்கு ஏறினால் அது தள்ளாடிச் சுற்றும். கண்டன்சர் அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாமல் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கரண்ட் பில்லும் ஏறும். கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று வருந்திய உறுப்பினர் ஒருவர் கடையில் நாம் பார்த்தபோது, ஃபேன் கூண்டுக்குள் பாலிதீன் தாள் ஒன்று சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது! மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜாலியைக் கழற்றி, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே தூசியைத் தட்டுங்கள். விரலால் சுற்றும்போது ஃபேன் இறுகினாலோ ஆடினாலோ மோட்டாரை மாற்றிவிடுவது நல்லது. தேங்காய் எண்ணெய் விடுகிற வைத்தியம் நாலு நாளைக்குத்தான். பிறகு தூசி ஒட்டிப் பிசினாகிவிடும்.

உள்ளே 'கர்ர்' என்று உரசும் சத்தம் வந்தால் ஃபேன் இறக்கை பனிக்கட்டியில் இடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் கதவு ரப்பர் தளர்ந்து ஈரக்காற்று உள்ளே போயிருக்கும். ஒரு ரூபாய் நோட்டை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. பனியைத் திருப்புளியால் குத்த வேண்டாம். குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் முழுதும் போய்விடும். சரக்கை வேறிடம் மாற்றி, இரவு அணைத்துவைத்தால் தானே கரையும்.

கம்ப்ரஸர் பக்கம் அதிர்ந்தால், அடியிலுள்ள ரப்பர் புஷ் நசுங்கியிருக்கலாம். இரண்டு செம்புக் குழாய்கள் முட்டிக்கொண்டிருக்கலாம். இவை சிறு செலவு. ஆனால் 'டிக்' என்ற ஒலி, சில நொடி முனகல், மறுபடி 'டிக்' என்று திரும்பத் திரும்ப வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். கிளம்ப முடியாமல் கம்ப்ரஸர் திணறுகிறது. விட்டுவைத்தால் காயில் கருகும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மிகக் குறைவாக வருகிறதா, மெல்லிய ஒயரில் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறோமா என்று முதலில் பார்க்கவேண்டும். அது சரியாக இருந்தால் ரிலே, கபாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கபாசிட்டரில் நாமே கை வைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். மின்சாரம் போய் வந்தால் 5 நிமிடம் கழித்தே போடவேண்டும். நேரத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் 'தடால்' என்று உள்ளே இடித்தால்தான் ஸ்பிரிங் போயிருக்கிறது. அப்போது கம்ப்ரஸரை மாற்றும் பேச்சுக்கு அர்த்தமுண்டு.

பெட்டி குளிர்பானக் கம்பெனி வைத்ததாக இருந்தால் திருகைத் தொடாமல் புகார் செய்து, புகார் எண்ணையும் தேதியையும் குறித்துவையுங்கள். சொந்தப் பெட்டியானால் அதன் லேபிளில் ஆர்-290 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது தீப்பிடிக்கும் கேஸ். அதில் வேலை தெரிந்தவரைத் தவிர வேறு யாரையும் அதனருகே பற்றவைப்பு விளக்கோடு விடாதீர்கள்.