மரத்தளம் காக்கும் பூச்சு

ஓசூர் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து வரும் சந்தாபுராவின் சுற்றுப்புறங்களில் தனி வீடுகள் பெருகி வருகின்றன. தோட்டத்தை ஒட்டி மரத்தளம் அமைத்து, மாலையில் குடும்பத்துடன் அமர்வது பலரது விருப்பம். ஆனால், பெருஞ்செலவில் அமைத்த தளம் சில மழைக்காலங்களிலேயே பூச்சு உரிந்து நிற்பதும் உண்டு. குறை பெரும்பாலும் மரத்தில் இல்லை; பூச்சைத் தேர்ந்ததிலும் பூசிய காலத்திலுமே இருக்கிறது.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று குளிர்ந்திருந்தாலும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கடுமையானவை. மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னினை அவை சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்ல, மரம் சாம்பல் நிறமாகிறது. மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் இச்சிதைவை ஆராய்ந்துள்ளது.

மரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். பெயின்ட், வார்னிஷ் ஆகியவை மேலே ஏடாகப் படிவதால் இந்த அசைவுக்கு ஈடுகொடுக்க இயலாமல் வெடிக்கின்றன. வெடிப்பில் புகுந்த நீர் எளிதில் வெளியேறாமல் மரத்தை மக்கச் செய்கிறது. மாறாக, மரத்தினுள் ஊறும் நிறமி கலந்த எண்ணெய்ச் சாயம் உரிவதில்லை, மெல்ல மங்குகிறது. மறுபூச்சுக்குப் பழையதைச் சுரண்டவும் வேண்டியதில்லை.

மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே பூசுவதற்கு ஏற்றது. தளத்தைக் கழுவிச் சில நாள்கள் உலரவிட்டு, 80 எண் உப்புத்தாளால் நாரோட்டத்தின் வழியே தேய்க்க வேண்டும். மிக நைசாகத் தேய்த்தால் சாயம் ஊறாது. தேக்கு எனில், இயல்பான எண்ணெய்ப்பசையைத் தின்னரால் துடைத்தல் நலம். பலகைகளின் வெட்டுமுனைகளே அதிக நீரை உறிஞ்சும். அவற்றை விட்டுவிடக் கூடாது. உச்சிவெயிலைத் தவிர்த்து மெல்லியதாகப் பூசி, ஊறாமல் நிற்பதைத் துடைத்தெடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்தால் தாமாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும், உலர்ந்த தளத்தில் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு பாதுகாக்கிறது. உடனே ஊறினால் மறுபூச்சுக்கு வேளை வந்துவிட்டது. அன்று ஒரு டப்பா சாயத்துடன் முடியும் செலவு, தள்ளிப்போட்டால் பலகைகளையே மாற்றும் செலவாக வளர்ந்துவிடும்.