சுங்கானுக்குச் சேறு வேண்டும்

கொள்ளுப்பிட்டிக்கு மேற்கே கடல், கிழக்கே பேர வாவி. ஆனாலும் சந்தைக்குப் போகிறவர்கள் கேட்பது அறக்குளா, பாரை, விளைமீன்தான். நன்னீர் மீன் என்றால் விராலும் திலாப்பியாவும். சுங்கான் இருக்கிறதா என்று யாராவது விசாரித்தால், அவர் மட்டக்களப்பிலோ வன்னியிலோ குளத்தருகே வளர்ந்தவராகத்தான் இருப்பார்.

செதில் இல்லாத கரிய உடம்பு, நான்கு சோடி மீசை, நன்கு வளர்ந்தால் ஏறக்குறைய ஓரடி நீளம். சிங்களவருக்கு இது ஹுங்கா, தமிழ்நாட்டில் தேளி. பெர்லினில் இருந்த மருத்துவரும் மீனியலாளருமான புளோக் 1794இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, அவர் கையில் இருந்தது தரங்கம்பாடியில் பிடிபட்ட மீன்!

இந்த மீனின் வியப்பு அதன் மூச்சில் இருக்கிறது. செவுள் அறையிலிருந்து இரண்டு நீண்ட பைகள் முதுகெலும்பை ஒட்டி வால்பக்கம் நோக்கி ஓடுகின்றன. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி அவற்றை நிரப்பிக்கொள்ளும். கோடையில் குளம் வற்றிப் பல மீன்கள் செத்துப்போக, சுங்கான் சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும். பிடித்த பிறகும் பானைத் தண்ணீரில் நெடுநேரம் துடிப்போடு இருப்பதால், உயிரோடே விற்கலாம்.

மண்புழு கோர்த்த தூண்டிலுக்கு எளிதில் வரும். கழற்றும்போதுதான் கவனம் தேவை: மார்புச் செட்டை முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் கடுகடுப்பில் உயிர் போவதுபோல் இருக்கும். தாங்கக்கூடிய சூட்டுநீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். அந்த நஞ்சு வெப்பத்தில் சிதையும். சமைப்பவர்கள் முதலில் முள்ளை முறித்து, சாம்பல் தேய்த்து வழுவழுப்பைப் போக்குவார்கள். பிறகு புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த குழம்பு. வங்காளத்தில் நோயிலிருந்து தேறுபவர்களுக்கு இதைத்தான் தேடிக் கொடுக்கிறார்கள்.

கொழும்பின் சதுப்புகளில் இதற்கு ஓர் உறவினன் உண்டு: இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத மகுரா. 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது பெருமைக்குரியது. ஆனால் மண் கொட்டி நிரப்பிய நிலத்தில் மகுராவுக்கு இடமில்லை. தியவன்னா வாவியில் பெருகிவிட்ட அந்நிய நாட்டுக் கத்தி மீனும் உள்ளூர் மீன்களை வேட்டையாடுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கெட்ட நீரிலும் பிழைக்கும் மீன், அந்த நீரின் நஞ்சையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். நகரக் கால்வாய்களில் பிடிப்பதைச் சட்டியில் போடக் கூடாது. சுங்கானை உண்ண விரும்புபவர்கள் வயலோரக் குளத்து மீனையே கேட்டு வாங்கட்டும். கால்வாய்களில் விழும் கழிவுநீர்க் குழாய்களை மாநகர சபை முதலில் அடைக்கட்டும்.