துப்பாக்கி இல்லாத சண்டை

வானளாவிய கட்டடம் ஒன்று பற்றி எரிகிறது. வெறுங்காலில் கண்ணாடித் துண்டுகள் குத்த, ரத்தம் சொட்டச் சொட்ட ஓடுகிறான் ஒரு போலீஸ்காரன். தனி ஆளாகக் கொள்ளைக் கூட்டத்தையே ஒழித்துக்கட்டிவிட்டு, மனைவியை அணைத்துக்கொள்கிறான். கொட்டகை அதிர்கிறது!

1988-ல் வெளியான 'டை ஹார்ட்' படம்தான் இது. அதுவரை டெலிவிஷனில் 'மூன்லைட்டிங்' தொடரில் வேடிக்கையாகப் பேசி நடித்துக்கொண்டிருந்த புரூஸ் வில்லிஸ், இந்த ஒரே படத்தில் உலகறிந்த சண்டை வீரராகிவிட்டார்.

ஆனால் அந்தக் கதையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். போலீஸ்காரனுக்கும் மனைவிக்கும் ஆரம்பத்திலேயே மனஸ்தாபம். அவள் உத்தியோகத்துக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டாள். ஆபீஸில் கணவன் பெயரைக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. சமாதானம் பேசத்தான் அவன் நியூயார்க்கிலிருந்து வருகிறான். நடுவில் கொள்ளையர்கள் குறுக்கிட, பேச வேண்டியதைப் பேசாமலே இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒட்டு எத்தனை நாளைக்கு? 1995-ல் வந்த மூன்றாம் பாகத்தில் மறுபடியும் பிரிவு. 2007-ல் வந்த நான்காம் பாகத்தில் விவாகரத்தே ஆகிவிட்டது!

பேசாமல் விட்டதைப் பேசியே தீரவேண்டிய வேஷம் வில்லிஸுக்கு 1999-ல் வாய்த்தது. ராப் ரைனர் டைரக்ட் செய்த 'தி ஸ்டோரி ஆஃப் அஸ்' படம். மனைவியாக மிஷேல் ஃபைஃபர். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம், இரண்டு குழந்தைகள். குழந்தைகளைக் கோடை முகாமுக்கு அனுப்பிவிட்டு, அவர்களுக்குத் தெரியாமல் தம்பதி பிரிந்து வாழ்ந்து பார்க்கிறார்கள். இங்கே வில்லன் கிடையாது. வெடிகுண்டு கிடையாது. சாதாரணப் பேச்சு சண்டையாக முற்றுவதுதான் கதை.

கடைசியில் குழந்தைகளை அழைத்து வரப் போன இடத்தில், மனைவி அழுதுகொண்டே பேசித் தீர்க்கிறாள். நம் வீரர் என்ன செய்கிறார்? நின்று கேட்கிறார். அவ்வளவுதான். பத்துப் பேரை உதைப்பதைவிட அது கஷ்டமான வேலை என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும்!

விமர்சகர்கள் பலருக்குப் படம் பிடிக்கவில்லை. அதே வருஷம், மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் சியாமளன் இயக்கிய 'தி சிக்ஸ்த் சென்ஸ்' பிரமாத வெற்றி பெற்றது. அதிலும் அவருக்கு, மனைவியோடு பேச்சு நின்றுபோன கணவன் வேஷம். ஏன் நின்றது என்று சொன்னால், படம் பார்க்காதவர்கள் என்னைச் சபிப்பார்கள்.

வில்லிஸின் சொந்த வாழ்க்கையிலும் அப்போது சோதனைக் காலம். 1987-ல் நடிகை டெமி மூரை மணந்தார். மூன்று பெண்கள் பிறந்தார்கள். 1998-ல் பிரிவை அறிவித்தார்கள். 2000-ல் விவாகரத்து. திரையில் சேர்ந்த ஜோடி வீட்டில் சேரவில்லை.

ஆனால் உறவு முறியவில்லை. 2022-ல், பேசும் சக்தியைப் பாதிக்கும் நோயால் வில்லிஸ் நடிப்பிலிருந்து விலகுகிறார் என்ற செய்தி வந்தது. மறு வருஷம், அது மூளையைத் தாக்கும் மறதி நோய் என்று தெரிந்தது. அதை உலகுக்குத் தெரிவித்த அறிக்கையில், 2009-ல் அவர் மணந்த எம்மா ஹெமிங்கின் பெயரோடு டெமி மூரின் பெயரும் இருந்தது. இரு தாய்களின் ஐந்து பெண்களுடைய பெயர்களும் இருந்தன.

கோர்ட்டில் முடிந்துபோன கல்யாணம்தான். ஆனாலும், அவருக்குப் பேச்சுத் தடுமாறிய வேளையில், அவருக்காகப் பேச வந்தவர்களில் அந்த முதல் மனைவியும் ஒருவர்.