ஒளியிழை வடத்தின் அளவுக் குறிகள்

நம் கடற்கரை ஊர்களிலே கயிறு திரிப்போர் ஒரு கயிற்றைக் கையிற் பிடித்துப் பார்த்த அளவிலேயே, அஃது எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லிவிடுவர். பருத்த கயிறு மிகுதியாய்த் தாங்கும். மெலிந்தது குறைவாய்த் தாங்கும். இப்பழக்கத்தினாலேயே, தெருக் கம்பங்களிற் கட்டப்பட்டும் சாலையோரங்களிற் புதைக்கப்பட்டும் செல்கின்ற ஒளியிழை வடங்களைக் காணும்போதும், பருத்த வடமே மிகுந்த செய்திகளைச் சுமக்கும் என்று எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணம் பிழையாதலையும், வடத்தின்மேல் அச்சிடப்பட்டுள்ள குறிகளைப் படிக்கும் முறையையும் இக்கட்டுரையிற் சுருக்கமாய்க் கூற முற்படுகின்றோம்.

ஊராட்சிதோறும் இணையத்தைக் கொண்டு சேர்க்கும் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் பகுதி, தமிழ்நாட்டிலே 2022-ஆம் ஆண்டில் நம் மாவட்டத்து முத்தலக்குறிச்சியில் தொடங்கப்பெற்றது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதே அதன் நோக்கம். மாணவன் விண்ணப்பம் அனுப்புவதும், முதியோர் பணம் பெறுவதும், மருத்துவமனைகள் செய்தி பரிமாறுவதும் இத்தகைய வடங்களை நம்பியிருக்கின்றன. ஆதலின் இதனை அறிதல் பொறியியல் பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று.

ஒளியிழையாவது மிகத் தூய கண்ணாடியாலாகிய நூல். அதன் நடுவே உள்ளகம் என்னும் பகுதியும், அதனைச் சூழ்ந்து மற்றொரு கண்ணாடி உறையும் உள்ளன. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் உறையினதைவிடச் சிறிது மிகுதியாயிருத்தலால், சாய்ந்து செல்லும் ஒளி உறையைக் கடந்து வெளிப்போகாமல், மீண்டும் உள்ளேயே திருப்பப்படுகின்றது. இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்பர்.

இனி, வடத்தின்மேல் '24 எஃப், 9/125' என்றாற்போல எழுதியிருப்பதைக் காண்போம். 24 என்பது உள்ளேயிருக்கும் இழைகளின் தொகை. 9 என்பது உள்ளகத்தின் விட்டம். 125 என்பது உறையையும் சேர்த்த கண்ணாடியின் விட்டம். இவையிரண்டும் மைக்ரான் கணக்கு. ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான் உண்டு. மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் பருமனுடையது எனக் கொண்டால், ஒளி செல்லும் வழி அதில் எட்டில் ஒரு பங்கேயாம்.

கண்ணாடியின்மேற் பூசப்படும் காப்புப் பூச்சோடு ஓர் இழை 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர் ஆகின்றது. இத்தகைய இழைகள் சில ஒரு குழலிலும், குழல்கள் பல ஒரு நடுத்தண்டைச் சுற்றியும் அமைய, இழுவையைத் தாங்கும் நார்களும் கருநிற மேலுறையும் மூடுகின்றன. 24 இழைகளின் கண்ணாடியையும் அருகருகே அடுக்கினால் 3 மில்லிமீட்டர் அகலமே உண்டாகும். எஞ்சிய பருமனெல்லாம் காவலேயன்றி வழியன்று.

50/125, 62.5/125 என்னும் குறிகளையுடைய இழைகளும் உள. உள்ளகம் அகன்றிருத்தலின் இவையே நெடுந்தூரம் செல்லும் என்று தோன்றலாம்; உண்மை அதற்கு நேர்மாறானது. அகன்ற உள்ளகத்தில் ஒளி பல வழிகளிற் செல்லும். நேரே செல்வது முந்தியும், வளைந்து வளைந்து செல்வது பிந்தியும் வந்து சேர்தலால், ஒரு துடிப்பு அடுத்த துடிப்போடு கலந்துவிடுகின்றது. 9 மைக்ரான் உள்ளகத்திலோ ஒரே வழிதான் உண்டு. திறந்த வெளியிற் செல்லும் கூட்டம் வரிசை கலைந்து சேரும். வயல் வரப்பின்மீது செல்வோரோ ஒருவர் பின் ஒருவராய் முறை தவறாது சேர்வர். அதுபோன்றதே இது. நொடிக்கு 1000 கோடி துடிப்புகள் அனுப்பும் வேகத்தில் பழைய 62.5 மைக்ரான் இழை 33 மீட்டரளவிலும், செப்பஞ்செய்யப்பட்ட 50 மைக்ரான் இழை சில நூறு மீட்டரளவிலும் நின்றுவிட, 9 மைக்ரான் இழை பல கிலோமீட்டர் செல்கின்றது. ஆகவே முன்னவை கட்டடங்களுக்குள்ளும், பின்னது ஊர்களுக்கிடையேயும் பயன்படுகின்றன.

இவ்விழைகளின் புறவிட்டம் ஒன்றேயாதலால் அவற்றை மாற்றி இணைத்துவிடுதலும் எளிது. ஆனால் 50 மைக்ரான் உள்ளகம் நிறைய வரும் ஒளி 9 மைக்ரான் உள்ளகத்திற் புகுமாறு இணைப்பின், பரப்பின் அளவுப்படி முப்பதில் ஒரு பங்கே உட்புகும். குறியைப் படியாமையால் வரும் கேடு இத்தகையது.

இக்கலை வளர்ந்த வரலாறும் நினைக்கத்தக்கது. பஞ்சாபின் மோகாவிலே 1926-இற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்பவரோடு ஆராய்ந்து, இழைக்கற்றை வழியே உருவங்களைச் செலுத்தியதை 1954-இல் வெளியிட்டார். கண்ணாடியிலுள்ள மாசே ஒளியை விழுங்குகின்றது என்றும், ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே செய்தி அனுப்பலாம் என்றும் 1966-இல் சார்லஸ் காவோ காட்டினார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அவ்வெல்லையை எய்தினர். காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையிலோ 15 கிலோமீட்டர் சென்ற பின்பும் பாதி ஒளி எஞ்சுகின்றது.

கடலடி வடங்களும் இவ்வுண்மையையே காட்டுகின்றன. 2006-இல் தூத்துக்குடியை இலங்கையின் மவுண்ட் லவினியாவோடு ஒரு வடமும், 2020-இல் சென்னையை அந்தமானோடு ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் நீளமுள்ள மற்றொன்றும் இணைத்தன. கடலடி வடங்கள் ஆழ்கடலில் மெலிந்தும், கரையருகே எஃகுக் கம்பிகள் சுற்றப்பட்டுப் பருத்தும் இருக்கும். அப்பருமன் நங்கூரங்களுக்கும் வலைகளுக்கும் அஞ்சியேயன்றி, ஒளியின் பொருட்டன்று.

இவற்றால் நாம் கைக்கொள்ள வேண்டுவன சில. வடத்துள் ஒளியிழைகளே உள்ளன, விற்றற்குரிய செம்பு இல்லை; அதனை அறுப்பவன் பெறுவது ஒன்றுமில்லை, இழப்பதோ ஓர் ஊர் முழுவதும். குழாய்க்குப் பள்ளம் தோண்டுமுன் வடம் செல்லும் வழியை உசாவுதல் வேண்டும். வடத்தை இழுத்துப் பதிக்கும்போது அதன் விட்டத்தைப்போல் இருபது மடங்கிற்குக் குறைந்த ஆரத்தில் வளைத்தலாகாது. 12 மில்லிமீட்டர் வடமாயின் அது 24 சென்டிமீட்டராம். இறுக வளைத்த இடத்தில் ஒளி வெளியே கசியும். அறுந்த இழையின் முனையைக் கண்ணருகே கொண்டு நோக்குதலும் தகாது. அதிற் செல்லும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது, ஆயினும் கண்ணைக் கெடுக்கவல்லது.

நெருக்கமான வழியைப்பற்றித் திருமறையிற் படித்து வளர்ந்தோர்க்கு, ஒடுங்கிய பாதையே நெடுந்தொலைவு கொண்டு செல்லும் என்பது வியப்பாகாது. அடுத்தமுறை தெருவோரத்தில் அக்கரிய வடத்தைக் காணும் அன்பர்கள், அதன் பருமனை நோக்காது, மேலெழுதிய எண்களை ஒருகணம் நின்று படிப்பாராயின், இச்சிறு முயற்சி பயன்பெற்றதாகும்.